ஐஸில் வைத்த கட்டி

பாம்பனில் பிரடெரிக்கிடம் மீன் வாங்கியவர்கள் மீனோடு ஒரு பிரசங்கத்தையும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். அதற்குத் தனிக் காசு கிடையாது. விளமீனின் செவுளைக் கட்டைவிரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பார்.

"பாருங்க, செவுள் எப்படிச் செவந்து கெடக்கு? ஃபார்மலின் போட்ட மீனுன்னா இந்நேரம் சாம்பல் பூத்துப் போயிருக்கும். பொணத்துக்கு ஊத்துற மருந்த, திங்கிற மீனுக்கு ஊத்துறானுங்க. கேக்க நாதி இல்ல. நான் கேப்பேன்."

கேட்கவும் செய்தார். எதிர்க்கடை வேதநாயகம் மீனுக்கு மருந்து போடுகிறார் என்று உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு மனுவுக்கு மேல் மனுவாகப் போட்டுக்கொண்டே இருந்தார். ஆதாரம் என்னவென்றால், வேதநாயகத்தின் கடையில் ஈ உட்காருவதில்லை. அவ்வளவுதான். அதைக் கேட்டால் வேதநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொல்வார்: "நான் கடைய ரெண்டு வேளை கழுவுறேன், ஈ வரல. அவன் கடையில மொய்க்குது. ஈ மொய்க்கிறதப் பெருமையாச் சொல்லுறவன நான் இப்பத்தாம்லே பாக்குறேன்."

ஊர் மீனுக்கு இவ்வளவு பார்த்த பிரடெரிக், வீட்டில் மனைவி பிரெசில்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தார். பார்த்து, "கேஸ்" என்று சொன்னார். வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்று அவள் சொன்னபோது, முந்தின நாள் ஆக்கின கணவாய் மீனின் மையைக் காரணம் காட்டினார். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றபோது, "ஒடம்பக் கொற" என்றார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் எழுந்து நின்றவள் அப்படியே மடங்கி விழுந்த பிறகுதான் இராமநாதபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ரத்தம் ஏற்றினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். சிறுகுடலில் கட்டி என்றார்கள்.

"ரொம்ப அபூர்வமா வர்ற வகை மாதிரித் தெரியுது" என்றார் சர்ஜன்.

பிரடெரிக் வெளியே வந்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். "சாதாரண கேன்சர் இல்லயாம். லட்சத்துல ஒருத்தருக்கு வர்றதாம். டாக்டரே சொல்லிட்டாரு." வலையில் லட்சக்கணக்கில் விலைபோகும் கூறல் மீன் மாட்டினால் எந்தக் குரலில் சொல்வாரோ, அதே குரல். போனை வைத்த பிறகு குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகத்தைக் கழுவினார். அதை யாருக்கும் போன் போட்டுச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஆபரேஷன் முடிந்தது. தியேட்டர் வாசலுக்குக் கூப்பிட்டு, தட்டில் வைத்துக் கட்டியைக் காட்டினார்கள். பெரிய நண்டின் ஓட்டளவு இருந்தது. அப்புறம் இரண்டு பாட்டில்களைக் கொண்டு வந்தார்கள். பெரிய பாட்டிலில் கட்டி. விரல் நீளத்துக்கு இருந்த சின்ன பாட்டிலில் நகக்கண் அளவுக்கு ஒரு துணுக்கு.

சர்ஜன் முகமூடியைக் கழற்றாமலே விளக்கினார். "இது குடல் சுவத்துல இருந்து கிளம்புற கட்டின்னு நினைக்கிறேன். அப்படி இருந்தா, மத்த கேன்சருக்குப் போடுற ஊசி மருந்தெல்லாம் இதுக்குக் கேக்காது. ஆனா ஒரு மாத்திரை இருக்கு. கட்டியில ஒரு குறிப்பிட்ட புரதம் இருந்தாத்தான் அந்த மாத்திரைய ஆரம்பிக்க முடியும். மதுரை லேப்ல சாயம் போட்டுப் பாத்துச் சொல்லுவாங்க. ஈரல்ல ஒரு சின்னப் புள்ளி இருந்துச்சு. அதுலயும் கொஞ்சம் எடுத்து இந்தச் சின்ன பாட்டில்ல போட்டிருக்கோம். ரெண்டும் போகணும். திங்கக்கிழமை எங்க ஆளு கொண்டு போவாரு."

"எதுக்கு சார் ஒங்க ஆளு? நான் கேரளாவுக்கே பார்சல் போடுறவன். என் பொண்டாட்டி கட்டிய மதுரைக்குக் கொண்டுபோகத் தெரியாதா?"

"அப்படியே கொண்டுபோய்க் குடுங்க, போதும்."

'அப்படியே' என்ற சொல்லைப் பிரடெரிக்கின் காது வாங்கவில்லை. அது, பேசுவதற்கென்றே படைக்கப்பட்ட வாய்க்குப் பக்கத்தில், சும்மா ஒரு அழகுக்கு வைக்கப்பட்ட காது.

பிரெசில்லாவுக்குத் துணையாக அவள் சித்தியை வைத்துவிட்டு, சாயங்காலம் கடைக்கு வந்து பெரிய பாட்டிலின் மூடியைத் திருகினார். வாடை மூக்கில் ஏறி மண்டையில் அடித்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. பக்கத்தில் நின்ற மச்சினன் கிளாட்சன் இரண்டடி பின்னால் போனான். பிரெசில்லாவின் தம்பி, மச்சான் சொல்வதை வேதமாக எடுத்துக்கொள்கிறவன்.

"மச்சான், இது அந்த மருந்துல்ல?"

"அதேதாம்லே."

"ஆஸ்பத்திரிக்காரனே போடுறானா?"

"பொணத்துக்கு ஊத்துறத, உசுரோட இருக்க எம் பொண்டாட்டிக்கு ஊத்தியிருக்கானுங்க." கடலில் போன அண்ணன் உடம்பு கரை ஒதுங்கி, பெரியாஸ்பத்திரிப் பிணவறையில் கிடந்தபோது அவர் மூக்கு பிடித்துக்கொண்ட வாடை அது. அதற்குப் பிறகுதான் அவருடைய செவுள் பிரசங்கமெல்லாம். அந்த வாடைக்குள் பிரெசில்லாவின் உடம்பில் ஒரு துண்டு மிதப்பதை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

அதனால் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். மருந்தைச் சாக்கடையில் கொட்டினார். கட்டியைக் குழாய்த் தண்ணீரில் மூன்று தரம், ரத்தவாடை போக அலசினார். தாளில் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் உடைத்த ஐஸ் பரப்பி, ஐஸ் இன்னும் குளிரக் கல்லுப்புத் தூவி, கட்டியை நடுவில் வைத்து, மேலேயும் ஐஸ் போட்டு மூடினார். கோட்டயத்துக்குப் போகும் சீலா மீனுக்குக்கூட அவ்வளவு பக்குவம் பார்த்தது கிடையாது.

"இத என்ன செய்ய?" கிளாட்சன் சின்ன பாட்டிலைத் தூக்கிக் காட்டினான்.

பிரடெரிக் மூடியைத் திருகிப் பார்த்தார். அசையவில்லை. பல்லால் கடித்தும் பார்த்தார். உள்ளே கிடந்த துணுக்கு ஒரு சென்னாக்குன்னி இறால் அளவுகூட இல்லை.

"இதுல என்னத்தத் தெரியப்போவுது? மொத்தக் கட்டியே நம்மகிட்ட இருக்கு. அங்கன ஐஸ் பெட்டி மூலையில போடு."

போட்டான். கசிந்த தண்ணீரில் ஊறி, பாட்டிலில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு ராத்திரியே கழன்று போனது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பிரெசில்லாவிடம் சொன்னார்: "ஒன் கட்டியத் தங்கம் மாதிரி வச்சிருக்கேன். நீ கவலப்படாத."

மயக்கம் பாதி தெளிந்த நிலையில் அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "குடுத்தத அப்படியே கொண்டு போங்க. நீங்க எதுவும் செய்யாதிய."

"சரி, சரி" என்றார் எல்லாவற்றையும் செய்து முடித்தவர்.

திங்கட்கிழமை காலையில் தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மதுரை பஸ்ஸில் உட்கார்ந்தார். பக்கத்து சீட்டில் ஒரு வேட்டிக்காரர் பரமக்குடி வரைக்கும் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்குவதற்கு முன்னால் பொறுக்காமல் கேட்டுவிட்டார்.

"பாம்பன் மீனா? நல்ல மீனாத்தான் இருக்கும். ஒரு அரைக்கிலோ நிறுத்துக் குடுப்பியளா?"

"விக்கிறதுக்கு இல்லண்ணே. இது வீட்டுக்கு."

லேபில் கவுண்டர் பெண் பெட்டியைப் பார்த்து, "மீனெல்லாம் இங்க வாங்கமாட்டாங்க" என்றாள். பிரடெரிக் விஷயத்தைச் சொன்னதும் எழுந்து உள்ளே ஓடினாள். டாக்டர் சூஃபியா வந்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் முக்காடு, அதன்மேல் கண்ணாடி, கையில் உறை.

பிரடெரிக் தானே மூடியைத் திறந்தார். கல்யாண வீட்டில் சீர்த்தட்டைத் திறக்கிற மாதிரி.

"பாருங்க டாக்டரம்மா. சனிக்கிழமை எடுத்தது. நேத்து அறுத்த கறி மாதிரி இல்ல? ஒரு சொட்டு மருந்து கெடயாது."

டாக்டர் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஃபார்மலின் எங்க?"

"கொட்டிட்டேன்" என்றார் பிரடெரிக், பதக்கத்துக்குக் கழுத்தை நீட்டுகிறவர் போல.

"கழுவுனீங்களா?"

"மூணு தரம். காவேரித் தண்ணியில."

"இது என்ன பொடிசா மினுங்குது? உப்பா?"

"கல்லுப்பும்மா. இல்லன்னா இவ்வளவு குளிர் நிக்காதுல்ல."

"யா அல்லாஹ்!" டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வெயில்ல காயவச்சு எடுத்துட்டு வரலையா? அது ஒண்ணுதான் பாக்கி."

பிரடெரிக் சிரிக்கத் தயாராக இருந்தார். டாக்டரின் முகத்தில் சிரிப்பு இல்லாததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அண்ணே, நான் கீழக்கரைக்காரி. நல்ல மீனு எது, கெட்ட மீனு எதுன்னு எனக்கும் தெரியும். மீனுக்கு நீங்க சொல்றது சரி. ஆனா இத நான் கொழம்பு வைக்கப் போறதில்ல. உடம்ப விட்டு வந்த சதை தன்னத் தானே செரிச்சுக்கும். ஐஸ் அத மெதுவாக்கும், நிறுத்தாது. ஃபார்மலின்தான் எது எங்க இருந்துச்சோ அத அங்கேயே பிடிச்சு நிறுத்தும். பொணத்துக்கு ஊத்துறதும் அதுக்குத்தான். நான் தேடுறது ஒரு புரதம். கட்டியோட செல்லு மேல ஒட்டிக்கிட்டு இருக்கும். சாயம் போட்டா, அது இருக்க எடம் பழுப்பாத் தெரியும். நீங்க உப்பு போட்டு ஒறைய வச்சதுல செல்லெல்லாம் ஒடஞ்சிருக்கும், அலசுனதுல ஊறிப்போயிருக்கும். இப்ப நான் சாயம் போட்டு, பழுப்பு வரலன்னு வைங்க. புரதமே இல்லாததால வரலையா, நீங்க கெடுத்ததால வரலையா? யாருக்குத் தெரியும்?"

"அப்ப... மாத்திரை?"

"புரதம் இருக்குன்னு நான் சொன்னாத்தான் அந்த மாத்திரைய ஆரம்பிப்பாங்க."

"இல்லன்னு வந்துச்சுன்னா?"

"அதுதான் பயம். இருக்கிறவங்களுக்கு இல்லன்னு வந்தா, கேக்கிற மருந்தக் கையில வச்சுக்கிட்டே கேக்காத மருந்த ஏத்துவாங்க."

பிரடெரிக் பெட்டியை மூடப் போய், மூடாமல் நின்றார். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவர் செருப்பில் விழுந்தது. நகர்ந்து நிற்கத் தோன்றவில்லை.

டாக்டர் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பிரித்துப் படித்தார். "ரெண்டு சாம்பிள்னு போட்டிருக்காங்களே. ஈரல் துணுக்கு எங்க? அதையும் அலசியாச்சா?"

"இல்லம்மா." தலையைக் குனிந்துகொண்டார். "அதோட மூடியத் தொறக்க முடியல."

டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார். "தொறக்கலையா?"

"எவ்வளவோ பாத்தேன். பல்லால கூட..."

"அல்ஹம்துலில்லாஹ்!" நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அது போதும்ணே. அது போதும். குடல்ல இருந்து ஈரலுக்குப் போயிருந்தா அதே புரதம் அதுலயும் இருக்கும். எங்க இருக்கு அந்த பாட்டில்?"

பிரடெரிக் கடைக்குப் போன் போட்டார். கிளாட்சன் முதல் மணியிலேயே எடுத்தான். பின்னால் திருவிழா மாதிரி சத்தம்.

"மச்சான்! நீங்க இல்லாமப் போயிட்டியளே! ஒங்க மனு பலிச்சிருச்சு. காளிதாஸ்னு ஆபீசர் வந்து எல்லாக் கடையையும் சோதிக்கிறாரு. வேதநாயகம் கடையில ஒண்ணும் ஆப்புடல. ஆனா நம்ம ஐஸ் பெட்டிக்குள்ள அந்தச் சின்ன பாட்டில எடுத்துட்டாரு. மூடியோரத்துல மோந்து பாத்துட்டு, ஃபார்மலின்தான்னு சொல்லிட்டாரு."

"ஏலே! நீ என்ன சொன்ன?"

"நம்மதே இல்லன்னு சொல்லிட்டேன்!" கிளாட்சனின் குரலில் பெருமை வழிந்தது. "வேதநாயகந்தான் கொண்டாந்து நம்ம பெட்டியில போட்டுட்டான்னு சொன்னேன். அந்தோணியார் மேல சத்தியம் பண்ணியிருக்கேன் மச்சான். நம்ம மானத்தக் காப்பாத்திட்டேன்."

"பாட்டில் எங்கலே?"

"அந்தா இருக்கு. கெட்டுப்போன மீன எல்லாம் கடக்கரையில குழி தோண்டி, பிளீச்சிங் பவுடர் போட்டு மூடுறாக. அதோட இதையும் போடப் போறாக. போவட்டும் மச்சான், பெரிசு ஒங்ககிட்டதான் இருக்கே."

"போட விடாதலே! எடு அத!"

"எப்பிடி எடுக்க? நம்மது இல்லன்னு இப்பத்தான் சத்தியம் பண்ணுனேன்."

"ஆபீசர்ட்ட போனக் குடு."

காளிதாஸ் கமுதிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். மீன் பெயர்களையே போன வருஷம்தான் படித்து முடித்திருந்தார். "சொல்லுங்க" என்றார்.

"சார், அந்தச் சின்ன பாட்டிலக் கொஞ்சம் பத்திரமா வைக்கணும்."

"நீங்க யாரு?"

"பொதுஜனம் சார்."

"ஒங்க பாட்டிலா?"

"இல்ல சார். தெரிஞ்சவங்களோடது."

"தெரிஞ்சவங்களுக்குப் பேரு இருக்குமில்ல?"

பிரடெரிக் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு டாக்டர் பக்கம் திரும்பினார். "டாக்டரம்மா, ஒங்க லேப் பாட்டில்தான்னு நீங்க ஒரு வார்த்தை..."

"சொல்றேன். எங்க லேப் பாட்டில் மதுரையில இருந்து ஒங்க மீன் பெட்டிக்கு எப்படி வந்துச்சுன்னு கேப்பாரு. நீந்தி வந்துச்சுன்னு சொல்லவா?"

போனுக்குள்ளிருந்து கிளாட்சனின் குரல் கேட்டது: "சார், ஸ்பீக்கர்ல போட்டுட்டேன், சத்தமாப் பேசுங்க." எப்போதும் தேவையில்லாத நேரத்தில் உதவி செய்கிறவன். அதற்கும் பின்னால் மண்வெட்டி மணலில் இறங்கும் சத்தம் கேட்டது. வேதநாயகம் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார்: "நான் எதுக்குலே அவன் பெட்டியில கொண்டுபோய்ப் போடணும்? என் கைக்கு வேற வேல இல்லையா?"

பிரடெரிக்கின் கண் முன்னால் ஊர் முழுக்க வரிசையாக வந்து நின்றது. செவுளைத் தூக்கிக் காட்டி அவர் பேசப் பேசத் தலையாட்டியவர்கள் அத்தனை பேரும். அவர்களை விலக்கிக்கொண்டு பிரெசில்லா வந்து நிற்பாள் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாள். எழுந்து வர முடியாது. அவர்தான் பேச வேண்டும்.

"சார்!" லேபே அதிர்ந்தது. "அது என் பாட்டில் சார். என் கடை பாட்டில்தான். உள்ள இருக்கிறது ஃபார்மலின்தான். நாந்தான் வச்சேன். எம் பொண்டாட்டி ஈரல் சார் அது! குழியில போட்டுறாதீங்க!"

மண்வெட்டிச் சத்தம் நின்றது.

"ஈரலா?" என்றார் காளிதாஸ். "நான் இத இனம் தெரியாத மீன் துண்டுன்னுல்ல எழுதி வச்சிருக்கேன்?"

கூட்டத்திலிருந்து ஒரு பெண்குரல் கிளம்பியது: "அடப் பாவி மனுசா, பொண்டாட்டி ஈரல ஊறுகா போட்டுட்டானா!" இன்னொரு குரல்: "நேத்து அந்தப் பெட்டியில இருந்துதான் நான் நண்டு வாங்கினேன், யேசுவே!" அதற்கு மேல் வேதநாயகத்தின் குரல், ஒவ்வொரு சொல்லையும் ருசித்து மென்று வந்தது. "எல்லாரும் கேட்டுக்கிட்டியளா? நாலு வருசமா ஃபார்மலின், ஃபார்மலின்னு கத்துனான். இந்த மார்க்கெட்டுலயே அது இருந்த ஒரே கடை அவன் கடைதான்."

டாக்டர் சூஃபியா போனை வாங்கி, பெயர், ஆஸ்பத்திரி, பரிசோதனை எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். காளிதாஸ் ஆஸ்பத்திரிக்கும் பேசி உறுதிப்படுத்திக்கொண்டு மறுபடி கூப்பிட்டார்.

"பாட்டிலத் தர்றேன். பாவம், நோயாளி விஷயம். ஆனா மனுசச் சதைய மீன் பெட்டியில வச்சதுக்கு எந்தப் பிரிவு போடுறதுன்னு எனக்கே தெரியல. மேல கேக்கணும். கேட்டு முடிக்கிற வரைக்கும் கடையத் தொறக்காதீங்க."

"சரிங்க சார்" என்றார் பிரடெரிக். இரண்டாவது வார்த்தை பேசவில்லை. மார்க்கெட்டில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பாட்டிலை மதுரைக்குக் கொண்டு வர ஆள் வேண்டும். கிளாட்சன், பொய்ச் சத்தியம் பண்ணிய பயத்தில் அந்தோணியார் கெபியில் ஏற்ற மெழுகுவர்த்தி வாங்கப் போய்விட்டான். மத்தியானத்துக்கு மேல் லேப் வாசலில் ஒரு மீன் வண்டி வந்து நின்றது. மதுரைக்கு லோடு ஏற்றி வந்த வண்டி. டிரைவருக்குப் பக்கத்து சீட்டிலிருந்து வேதநாயகம் இறங்கினார். சட்டைப் பையில், பேனா இருக்க வேண்டிய இடத்தில், பாட்டில் நிமிர்ந்து நின்றது.

பிரடெரிக் கையை நீட்டினார். வேதநாயகம் அந்தக் கையைத் தாண்டிப் போய் டாக்டரிடம் நேராகக் கொடுத்தார்.

"நான் கழுவல. குலுக்கல. தொறந்தும் பாக்கல. அவன் கையில மட்டும் குடுத்துறாதீங்கம்மா." பிறகு பிரடெரிக்கைத் திரும்பிப் பார்த்தார். "ஒனக்காக வரலலே. பிரெசில்லா என் மக கல்யாணத்துக்கு மூணு நாள் அடுப்படியில நின்னவ. அதுக்காக வந்தேன்."

"அண்ணே, நான் ஒங்களப் பத்திச் சொன்னதெல்லாம்..."

"சும்மா கெட. வீடியோ எடுத்து வச்சிருக்கேன். மன்னிப்பெல்லாம் கேட்டு அதோட ருசியக் கெடுத்துறாத."

வேதநாயகம் ருசி கெடாமல் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் பிரடெரிக் இராமநாதபுரத்துக்கு வந்து சேர்வதற்குள், மண்டபத்திலிருந்து தங்கச்சிமடம் வரைக்கும் எல்லாப் போனிலும் 'எம் பொண்டாட்டி ஈரல் சார்' என்று அவர் அலறிக்கொண்டிருந்தார். வார்டுக்குள் நுழைந்தபோது பிரெசில்லாவின் கையிலும் ஒரு போன் இருந்தது. ஒரு கையால் வயிற்றுத் தையலை அழுத்திக்கொண்டு, வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வராதிய, கிட்ட வராதிய. ஒங்க மூஞ்சியப் பாத்தா சிரிப்பு வருது. தையல் விண்ணு விண்ணுன்னு இழுக்குது."

பிரடெரிக் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உப்பு போட்டியளாமே? கிளாட்சன் சொன்னான்."

"ம்."

"மஞ்சப்பொடி?"

"இல்ல."

"அது எதுக்கு மறந்திய?" சிரிப்பு ஒரு நொடியில் போய்விட்டது. "அப்படியே கொண்டு போங்கன்னு சொன்னேன்ல?"

"அதுக்கு முன்னாடியே..."

"எல்லாத்துக்கும் முன்னாடியே செஞ்சிருவிய. எனக்கு வயிறு வலிச்சப்ப மட்டும் நான் விழுந்த பெறவுதான் அசஞ்சிய. மீனுக்குச் செவுளத் தூக்கிப் பாத்த மனுசன், என் கண்ணு ரெப்பையத் தூக்கிப் பாத்திருந்தா வெளிறிப்போய்க் கெடந்தது தெரிஞ்சிருக்கும்."

பிரடெரிக்கிடம் பதிலுக்குப் பஞ்சம் கிடையாது. எப்போதும் ஏதாவது இருக்கும். தேடிப் பார்த்தார். கேஸ், கணவாய், காவேரித் தண்ணீர் என்று பழையதெல்லாம் கிடந்தது. எதையும் வெளியே எடுக்கிற தைரியம் வரவில்லை.

"அந்த வாடை எங்க அண்ணன் வாடைடி" என்றார் கடைசியில். "ஒன்ன அதுக்குள்ள வச்சிருக்கிறதப் பாக்க முடியல."

"நான் சாகலல்ல. அது மறந்துபோச்சா?" என்றாள். பிறகு போனைத் தலைமாட்டில் கவிழ்த்து வைத்தாள்.

பதில் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த நாள்களில் கடை மூடிக் கிடந்தது. பிரடெரிக் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரிடமும் பேசாமல் நடந்தார். ஒரு நர்ஸ், அவருக்கும் ஏதாவது பிரஷர் இருக்குமோ என்று சோதித்துக்கூடப் பார்த்தாள்.

கடைசியில் சர்ஜன் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மேஜைமேல் போனில் டாக்டர் சூஃபியா.

"பெரிய கட்டியில ஒண்ணும் சொல்ல முடியல" என்றார். "எப்பவும் சாயம் பிடிக்கிற சாதாரண செல்லுகூட அதுல பிடிக்கல. அத வச்சு முடிவு எடுத்திருந்தா தப்பாப் போயிருக்கும். ஈரல் துணுக்குல நல்லா வந்துருக்கு. சி.டி. நூத்திப் பதினேழுன்னு சொல்ற புரதம். ஒரு செல்லு விடாம பழுப்பு. கூட இன்னொண்ணும் போட்டுப் பாத்தேன், அதுவும் வந்துருக்கு. சந்தேகமே இல்ல."

சர்ஜன் தாளை ஓரமாக வைத்தார். "இதுல ரெண்டு விஷயம் இருக்கும்மா. மாத்திரை கேக்குற வகைதான். அது நல்ல சேதி. ஆனா ஈரல்ல அது இருக்குன்னா, பரவியிருக்குன்னு அர்த்தம். இத அறுத்துட்டோம், முடிஞ்சதுன்னு சொல்ல முடியாது."

பிரெசில்லா சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "பரவுனதுக்கும் அந்த மாத்திரை கேக்குமா?"

"பெரும்பாலானவங்களுக்குக் கேக்குது. அடக்கி வைக்கும்."

"எத்தன நாளைக்குச் சாப்பிடணும்?"

"நாள் கணக்கு இல்லம்மா. வருஷக் கணக்கா, விடாமச் சாப்பிடணும்."

சாப்பிட வேண்டியவளுக்கு அது பாரமாக இருக்கும் என்று சர்ஜன் நினைத்தார்போல. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் பிரெசில்லாவின் முகம் தெளிந்தது.

"வருசக் கணக்கா" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். "வருசக் கணக்குன்னா நல்லதுதான். எழுதுங்க டாக்டர்."

சர்ஜன் எழுத ஆரம்பித்தார். பிரடெரிக் தொண்டையைக் கனைத்தார். இந்த ஆள் இப்போது என்ன வைத்தியம் சொல்லப்போகிறாரோ என்று பிரெசில்லா திரும்பினாள். போனிலும் டாக்டர் சூஃபியா மூச்சைப் பிடித்துக்கொண்டது கேட்டது.

"சார்," என்றார் பிரடெரிக், "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

சொன்னபடி செய்வதற்காக டாக்டர் ஒருவரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். அதுவரைக்கும் டாக்டர்களுக்குச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்.

சர்ஜன் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பிரெசில்லா கணவரின் கையைப் பிடித்து அமுக்கினாள்.

"கேட்டாச்சுல்ல. இப்ப அவுக சொல்ற வரைக்கும் பேசாம இருங்க."